செங்கோட்டை ரம்மும் எங்கள் அம்மாவின் நாக்கும்

எங்கள் தாயார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் ஒரே மகள் எழுதுவது.

அம்மாவைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுது என்று பலரும் சொன்னீர்கள். பொறுமையில் பூமாதேவி, அடக்கமே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் ஒருவர் எழுதியே அனுப்பிவிட்டார். அதில் ஒன்றுகூட அம்மாவுக்குப் பொருந்தாது. அம்மாவிடம் பொறுமை கிடையாது. மட்டமானதை மட்டம் என்று, அதைக் கொண்டுவந்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். ஆகவே நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று. எங்கள் அப்பா ‘சர்க்கரைக் கம்பெனியில்’ வேலை பார்த்ததாக நம் உறவில் சொல்லிவருகிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் அப்படிச் சொன்னால்தான் கௌரவமாம். அப்பா வேலை பார்த்தது சாராய ஆலையில். அவர் அங்கே வடித்தது கரும்பு ரம். அதை நாக்கில் வைத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொன்னது அம்மா. இதற்குமேல் படிக்கக் கூசுகிறவர்கள் மலரை மூடிவைத்துவிட்டுப் பந்திக்குப் போகலாம்.

அம்மா பிறந்தது புளியரையில். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தாத்தாவுக்குக் கரும்பு வயலும், சாறு பிழியும் மாட்டு ஆலையும், வெல்லம் காய்ச்சும் கொப்பரைகளும் இருந்தன. அம்மாவுக்கு மூத்தவர் ஒரே ஒருவர். எங்கள் பெரிய மாமா. இந்தக் கட்டுரையில் அவர் பலமுறை வருவார். வெல்லம் காய்ச்சும் இடத்துப் புகையிலேயே வளர்ந்ததாலோ என்னவோ, சிறுவயதிலேயே அம்மாவுக்கு வெல்லத்தை ஏமாற்றி விற்க முடியாது. தண்ணீர் தேங்கிய வயலின் கரும்பு உப்புக் கரிக்கும், வெட்டி வெயிலில் கிடந்த கரும்பு புளிக்கும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு துணுக்கு வாயில் போட்டாலே தெரிந்துவிடும். தெரிந்ததோடு நிறுத்தவும் மாட்டார். வாங்க வந்தவர் முன்னாலேயே சொல்லிவிடுவார். அதற்காகத் தாத்தாவிடம் அடியும் வாங்கியிருக்கிறார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்காசி. திருவனந்தபுரத்தில் இரசாயனம் படித்தவர். அவர் பெண் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளை வீட்டார் அதிரசம் கொண்டுபோயிருக்கிறார்கள். தட்டு கைமாறி உள்ளே வந்ததும் அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, வெல்லத்தை வெளுக்க வைக்கச் சோடா உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார்கள், இதை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று கூடத்துக்குக் கேட்கிற மாதிரி கேட்டாராம். மாப்பிள்ளையின் தாயார் எழுந்துவிட்டார். அப்பா மட்டும் இன்னொரு அதிரசத்தை எடுத்துத் தின்று பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவுக்குப் பொடி போடும் பழக்கம் உண்டு. மூக்கும் நாக்கும் மரத்துப்போனவர். இரசாயனம் படித்த தனக்குத் தெரியாதது உள்ளே இருக்கிற பெண்ணுக்குத் தெரிகிறதே என்று அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் இதை அம்மாவின் வாய்த்துடுக்குக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அப்பா அதைத் தன்னுடைய அதிர்ஷ்டமாகச் சொன்னார்.

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய ஆலை இப்போது இடிந்து கிடக்கிறது. அப்போது சர்க்கார் உரிமத்தோடு நடந்தது. ரம் எப்படி உண்டாகிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நன்றாகத் தெரிந்திருந்தும் தெரியாதவர்கள் போல் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சீனி எடுத்தபின் மிஞ்சும் கறுப்புக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவைப்பார்கள். அதற்கு ஊறல் என்று பெயர். அந்த ஊறலைச் செம்பு வாலையில் ஊற்றி, அடியில் தீ எரித்து, மேலே எழும் ஆவியைக் குளிரவைத்து வடித்தால் சாராயம் சொட்டும். அதைப் பீப்பாயில் அடைத்துச் சில காலம் வைத்தால் நிறமேறி ரம் ஆகும். அப்பாவின் முதலாளி சில காலம்கூட வைக்கமாட்டார். சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்கு ஊற்றி உடனே புட்டியில் அடைத்துவிடுவார். மலைமேல் தேயிலைத் தோட்டக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்படித் திரும்பி வந்த ஒரு புட்டியோடு அப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அளந்து பார்த்தாகிவிட்டது, அளவெல்லாம் சரியாக இருக்கிறது, ஏன் திரும்புகிறது என்று புரியவில்லை என்று சொல்லி, அம்மாவை முகர்ந்து மட்டும் பார்க்கச் சொன்னார். நாங்கள் சைவக் குடும்பம். வீட்டில் வெங்காயம்கூடச் சில நாட்களில் ஆகாது. அம்மா புட்டியை வாங்கி முகர்ந்தார். பிறகு அப்பா கேட்காமலே உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். படிக்கத்தில் துப்பினார்.

“பாகு அடிப்பிடிச்சிருக்கு. பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ச்சவன் சரியா அலசலை. இதையா காசு கொடுத்துக் குடிக்கான்?”

அப்பா ஆலைக்குப் போய் வாலையைத் திறந்து பார்த்தார். அடியில் கருகிய பற்று. செம்பைத் தேய்த்த புளி, மூட்டுகளின் இடுக்கில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காலைப்பொழுது வேறுவிதமாகிவிட்டது. குளித்து, திருநீறு பூசி, காப்பி குடிப்பதற்கு முன்னால் அம்மா பின்கட்டில் உட்காருவார். அப்பா சின்னச் சின்னப் புட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார். அம்மா முகர்ந்து, ருசித்து, துப்பி, வாயை வெந்நீரால் கொப்பளித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவர் சொன்ன விமரிசனங்களை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாலையிலிருந்து முதலில் வருவது ‘மண்ணெண்ணெய்’, அதை வீசிவிடவேண்டும். கடைசியில் வருவது ‘நனைந்த கோணிச்சாக்கு’, அதையும் சேர்க்கக்கூடாது. நடுவில் வருவது மட்டும்தான் சாமான். கழிவுப்பாகே வேண்டாம் என்றார். கரும்பை வெட்டின அன்றே பிழிந்து, அன்றே இளம்பாகாகக் காய்ச்சி, ஊறலைக் குளிர்ந்த இடத்தில் அவசரப்படாமல் புளிக்க விடவேண்டும் என்றார். சேர்க்கும் தண்ணீர் கிணற்று நீராக இருக்கக்கூடாது, மலையிலிருந்து இறங்கும் ஓடை நீராக இருக்கவேண்டும் என்றார்.

செலவு கூடும் என்று முதலாளி ஆறேழு மாதம் முரண்டு பிடித்தார். ஒருமுறை அப்படி வடித்து, சீமைச் சரக்கு வந்து காலியான பழைய பீப்பாய்களில் அடைத்து வைத்தார்கள். ஓட்டுக்கூரைக்கு அருகில் இருந்த பீப்பாய் சீக்கிரம் வற்றியது, சுவரோரம் தரையில் இருந்தது நிதானமாக முற்றியது. அம்மா இரண்டையும் மாதாமாதம் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வருஷம் முழுக்கத் திட்டுதான். எரிகிறது, இளிக்கிறது, குதிக்கிறது என்பார். நாலு மழைக்காலம் போனபின் ஒருநாள் தரையோரப் பீப்பாயிலிருந்து வந்த புட்டியை ருசித்தார். துப்பவில்லை.

“இப்பத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கு” என்றார்.

மட்டமான சரக்கு வாய்க்குள் போனதுமே தம்பட்டம் அடிக்கும், நல்ல சரக்குக்கு அது தேவையில்லை என்பது அம்மாவின் கருத்து. மனிதர்களைப் பற்றியும் அவருக்கு அதே கருத்துதான். அந்த ரம் எப்படி இருந்தது என்று நான் கேட்டபோது, முதலில் பச்சைக் கரும்பின் கணு மாதிரி ஒரு வாசனை, பிறகு தீயில் வாட்டிய வாழைப்பழம், போகப்போக ஏலக்காய்த் தோல், கடைசியில் நெல்லிக்காய் தின்ற வாயில் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு தித்திப்பு என்று சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தோட்டக்காரர்கள் அதன்பின் புட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வந்து வாங்கிப்போனார்கள். அவர்கள் குடித்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. சட்டப்படி குடித்தார்கள், குடித்ததை ஒத்துக்கொண்டார்கள்.

குற்றாலத்துச் சாரல் காலத்துப் பெரியவர்களைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அப்போது தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம். ஆலையும் கடையும் திறந்தே இருந்தன. நடுவில் கார் ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். ஆனி, ஆடியில் ஐந்தருவிப் பக்கம் பங்களா எடுத்துத் தங்குகிறவர்கள் காலையில் அருவியில் குளிப்பார்கள், மாலையில் குடியின் தீமையைப் பற்றிக் கூட்டத்தில் பேசுவார்கள், கூட்டம் முடிந்ததும் காரில் ஏறிச் செங்கோட்டைக்கு வருவார்கள். அவர்களை அழைத்துவருவது எங்கள் பெரிய மாமா. தென்காசியில் அரிசி மண்டி வைத்திருந்த அவர், ஊரின் மதுவிலக்குப் பிரசாரத்துக்கும் தலைவராக இருந்தார். மேடையில் அவர் அழுவார். குடியால் அழிந்த குடும்பங்களை நினைத்து உண்மையிலேயே கண்ணீர் வரும். அந்தக் கண்ணீரைத் துடைத்த துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்குவார்.

கடையில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று அப்பாவிடம் வீட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள். நாலு மழைக்காலம் காத்திருந்து அம்மா வாய்மூடச் செய்த அந்த ரம்மை அவர்கள் நன்னாரி சர்பத்தில் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிக்கிற பிள்ளைகளைப்போல் ஒரே மடக்கில் விழுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். விழுங்கிவிட்டு மிளகு வடை தின்றார்கள். அம்மா வாசல்நடையில் நின்று பார்த்தார். பெரிய மாமாவிடம், “அண்ணே, அதுக்குப் பேசாம சர்பத்தையே குடிச்சிருங்க. மலிவா முடியும்” என்றார். வந்திருந்தவர்கள் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஐம்பத்தாறில் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆலை இருந்த இடத்தில்தான் இருந்தது. மதுவிலக்குச் சட்டம் அதைத் தாண்டி மேற்கே போய்விட்டது. முதலாளி பீப்பாய்களை லாரியில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். அப்பாவையும் கூப்பிட்டார். ஆனால் புது இடத்தில் கழிவுப்பாகுதான், பீப்பாயில் வைப்பதெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டார். அப்பா தயங்கினார். வேறு பிழைப்பு இல்லை. அம்மா, “கழிவுப்பாகுக்கு ருசி பார்க்க ஆள் எதுக்கு? அதுக்கு வாளி போதும்” என்று சொல்லிச் சாமான்களைக் கட்டினார். தென்காசியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அப்பா காலேஜ் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுத்தார். நான் அப்போதுதான் ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தேன். எனக்கு ஒரு இடம் பேசி முடித்தும் இருந்தார்கள்.

அடுத்த சாரலில் அது நடந்தது. பெரிய மாமா வழக்கம்போல் ஐந்தருவிச் சாலையில் பங்களா எடுத்து, பெரிய இடத்து விருந்தாளிகளைத் தங்கவைத்திருந்தார். செங்கோட்டையும் வறண்டுபோன பிறகு அவர்களுக்குச் சரக்கு எங்கிருந்து வந்ததோ, அதைக் குடித்த ஒரு விருந்தாளி வாந்தியெடுத்து, கண் மங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் பெரிய அதிகாரியின் மகன். போலீசார் பங்களாவைச் சோதனை போட்டதில் அப்பாவின் பழைய ஆலைப் புட்டிகள் கிடைத்தன. காலிப் புட்டியில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்பது போலீசாருக்கும் தெரியும். ஆனால் பெரிய மாமா வாக்குமூலம் கொடுத்தார். தனக்கு ஒன்றும் தெரியாது, தங்கச்சி மாப்பிள்ளைதான் கொண்டுவந்து வைத்தார், சாராயம் வடிப்பது அவர் தொழில் என்று சொன்னார்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து அழைத்துப்போனார்கள். கையைக் கழுவ விட்டார்கள், அதைச் சொல்லவேண்டும்.

கோர்ட்டில் முதல் நாள் அப்பாவிடம் அந்தப் புட்டியைக் காட்டினார்கள். பொடியில் மரத்த மூக்குக்கே அது எட்டியிருக்கிறது. அப்பா சாதாரணமாக உரக்கப் பேசாதவர். அன்று மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, “ஐயா, தண்டனை கொடுப்பதென்றால் கொடுங்கள். ஆனால் இதை நான் வடித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்” என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எங்கள் வக்கீல் ஒரு வழி சொன்னார். அப்பா வடித்த ரம்மைக் குடித்துப் பழகிய ஒருவர் வந்து, இது அதுவல்ல என்று சாட்சி சொன்னால் போதும். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது அங்கே போய்க் குடித்தது குற்றமும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கா பஞ்சம் என்று அவர் நினைத்தார். ஒவ்வொரு வீடாகப் போனார். இன்னொரு மண்டிக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், தர்மகர்த்தா, பஸ் முதலாளி. எங்கள் வீட்டு வாசலில் இறங்கிய அத்தனை பேரும் அந்த வாடையே தங்களுக்கு ஆகாது என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்களாம். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனாரும் அதில் ஒருவர். அவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தது நான்.

வக்கீல் திரும்பிவந்து கைவிரித்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தான் வந்து சொல்வதாகச் சொன்னார். வக்கீலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நாளைக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு. ஊரு பேசும்.”

“ஊரு என்னைக்கு வாயை மூடிச்சு? நீங்க தேதியைச் சொல்லுங்க.”

பெரிய மாமா அன்றே ஆள் அனுப்பினார். வந்தவர் அம்மாவிடம், அண்ணன் நல்ல வக்கீல் வைத்துத் தண்டனையைக் குறைத்துத் தருவார், பெண்பிள்ளை கோர்ட்டு ஏறினால் பிறந்த வீடு தலைமுழுகிவிடும் என்று சொன்னார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

கோர்ட்டு அன்று நிரம்பி வழிந்தது. வீட்டுப் பெண் ஒருத்தி குடித்ததைச் சொல்லப் போகிறாள் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள்கூட உண்டு. அம்மா தழையத் தழையப் புடவை கட்டி, திருநீறு பூசி, கூண்டில் ஏறினார். மாஜிஸ்திரேட் நாற்காலி போடச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. தன் கணவர் வடித்ததைப் பல வருஷம் தினமும் காலையில் ருசி பார்த்தது தான்தான் என்று எங்கள் வக்கீலின் கேள்விக்கு அமைதியாகச் சொன்னார். போலீஸ் தரப்பு வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் மெதுவாக எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, ருசி பார்த்தது என்றால் துப்பினீர்களா, குடித்தீர்களா என்று கேட்டார்.

“மட்டமா இருந்ததைத் துப்புனேன். நல்லா இருந்ததை விழுங்குனேன்.”

அதற்குப் பிறகு அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட் புட்டியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். மூடியைத் திறந்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கில் வைக்கவே மாட்டேன் என்றார். “இதுல கரும்பே இல்லைங்க ஐயா. கழிவுப்பாகுகூட இல்லை. நாற்காலி, பெஞ்சுக்கு அடிக்கிற பாலிஷு. மூக்கு உள்ளவுக யாரும் முகர்ந்து பார்க்கலாம்” என்று சொல்லிப் புட்டியைப் போலீஸ் வக்கீல் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வக்கீல் விடவில்லை. அப்படியானால் உங்கள் கூடப்பிறந்த அண்ணன், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர், பொய் சொல்கிறாரா என்று கேட்டார். பெரிய மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை ஒருமுறை பார்த்தார்.

“எங்க வீட்டு ரம்மைக் குடிச்சுட்டு, இதுவும் அதுதான்னு அவுக சொல்லியிருக்காக. பொய்யா, மெய்யான்னு கோர்ட்டு பார்த்துக்கிடட்டும். எங்க அண்ணனுக்கு நாக்கு இல்லைன்னு மட்டும் நான் சத்தியம் பண்ணுதேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பெரிய மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மேடை இல்லை.

பின்னால் சென்னையிலிருந்து வந்த பரிசோதனை அறிக்கையும் பாலிஷ் என்றே சொன்னது. அப்பா விடுதலையானார். பெரிய மாமா தன் வாக்குமூலத்தில் தவறுதலாகப் புரிந்துகொண்டதாகத் திருத்தம் சொல்லித் தப்பித்துக்கொண்டார். கடைசியில் சிறைக்குப் போனது பங்களாவின் காவல்காரர். வாங்கிவரச் சொன்ன சாமானை வாங்கிவந்ததற்குத் தண்டனை. அவருடைய மனைவிக்கு அவர் திரும்பி வரும்வரை அம்மா தினமும் சோறு கொடுத்தனுப்பினார். சொன்னவர் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி போகவில்லை. அரிசி மண்டி என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பேசியிருந்த இடம் கலைந்தது. குடிகாரி மகளை எடுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். நான் அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சர்பத்து ஊத்திக் குடிக்கிற வீட்டுக்கு உன்னை அனுப்ப இருந்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்” என்றார். ஆறுதல் சொல்ல அவருக்கு வேறு விதம் தெரியாது. எனக்கு அன்று அதுவே போதுமாக இருந்தது.

அதன்பிறகு நம் குடும்பத்தில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் அம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சொந்தத்தில் வீடுள்ள எத்தனையோ பேர் இருந்தும் யாரும் கதவைத் திறக்கவில்லை. ஜவுளிக் கடை ராவுத்தர் அண்ணாச்சிதான் தன் கடை மாடியைக் கொடுத்தார். குடியை வாசலிலேயே சேர்க்காதவர் அவர். ஒருநாள் அம்மாவிடம் அதைச் சொல்லவும் செய்தார். அம்மா செய்தது தன் மார்க்கத்தில் பாவம் என்றும், கோர்ட்டில் உண்மை சொன்னதற்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் விடுவது அதைவிடப் பாவம் என்றும் நேரடியாகச் சொன்னார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. முகத்துக்கு நேராகப் பேசுகிறவர்களை அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

அப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் காலமானார். நான் ஆலங்குளத்தில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவை அழைத்துக்கொண்டேன். அங்கும் அவர் மாறவில்லை. பால்காரரிடமும் பலசரக்குக்காரரிடமும் சண்டை. ஆனால் எங்கள் தெருவில் தண்ணீர்ப் பாலும் கலப்பட மிளகும் நின்றுபோயின.

போன வருஷம் வைகாசியில் பக்கவாதம் வந்து வலதுபுறம் விழுந்தது, பேச்சும் போனது. தெளிவு மட்டும் இருந்தது. கேட்டதற்கெல்லாம் இடது கையால் ஆம், இல்லை என்று காட்டுவார். கஞ்சியில் உப்புக் குறைந்தால் ஸ்பூனைத் தள்ளிவிடுவார். கடைசி வாரத்தில் பெரிய மாமா வந்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறை. கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பழசையெல்லாம் மறந்துவிடு, மன்னித்துவிட்டேன் என்று தலையை ஆட்டு என்று கேட்டார்.

அம்மா தலையை ஆட்டவில்லை. அவர் பிடித்திருந்தது அம்மாவின் வலது கை, உணர்ச்சியில்லாதது. அதை இழுத்துக்கொள்ள முடியாமல் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மாமா போகும்வரை திருப்பியபடியே இருந்தார். பெரிய மாமா வெளியே வந்து வாசலில் நின்றவர்களிடம் தங்கச்சி என்னை மன்னித்துவிட்டாள் என்று சொன்னார். பதினாறாம் நாளன்று சபையிலும் எழுந்து அதையே சொன்னார். கேட்டவர்கள் கண்கலங்கினீர்கள். முதலில் குறிப்பிட்டேனே, பொறுமை, அடக்கம் என்று எழுதி அனுப்பியது அவர்தான். அதில் கடைசி வரி அந்த மன்னிப்பு.

நான் அந்த அறையில், கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அம்மா மன்னிக்கவில்லை. அம்மாவால் இனி வந்து சொல்ல முடியாது. அதனால் நான் சொல்கிறேன்.

இனி நன்றி. பல வருஷம் எங்களைத் தாங்கிய ராவுத்தர் அண்ணாச்சிக்கும் அவர் குடும்பத்தாருக்கும், பணம் எதிர்பாராமல் வாதாடிய வக்கீல் ஐயாவுக்கும், விடுதலையாகி வந்ததிலிருந்து அம்மாவைத் தன் அக்காவாக நினைத்து, கடைசி நாட்களில் தூக்கி உட்காரவைக்க ஆலங்குளத்துக்கே வந்து தங்கிய காவல்காரர் ஐயாவுக்கும் அவர் மனைவிக்கும், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இதைப் படித்துப் பார்த்துவிட்டு, “இப்படியே அடிச்சிரவாம்மா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கும் என் வணக்கம். மற்றவர்களுக்கு நன்றி சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன்.

பெரிய மாமா திதிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும். தாய்மாமன் இருக்கிற சபையில் முதல் மரியாதை அவருக்குத்தான் என்பது நம் வழக்கம். இந்த மலரின் முதல் பிரதியை எல்லோர் முன்னிலையிலும் அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.